நாலு பிளாஸ்திரியும் ஒரு சி.டி.யும்

வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில் கருவி பிடிப்பவருக்குப் பெயர் டாக்டர்; கேமரா பிடிப்பவருக்குப் பெயர் 'ஏம்மா, ஆட்டாத'. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரோடு பல வருஷம் குப்பை கொட்டினேன். மூக்கு அரித்தும் சொறிய முடியாமல் நின்ற என் இனத்தாருக்கு இதெல்லாம் புரியும்.

முதல் நாள்

லைட்டும் கேமராவும் ஒரே குழாயில் இருக்கும். அது வயிற்றுக்குள் போனால் உள்ளே இருப்பதெல்லாம் டி.வி.யில் தெரியும். நான் மூச்சு விட்டால் டி.வி.யில் ஈரல் நடுங்கியது. அரை மணியில் கை மரத்துப்போய், படம் ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மயக்க மருந்து டாக்டர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "மயக்கம் பேஷண்டுக்குக் குடுத்தா போதும்மா, எனக்கு வாணாம்."

பிளாஸ்க்

ஏ.சி.யில் குளிர்ந்த லென்ஸ் சூடான வயிற்றுக்குள் போனால் மூக்குக் கண்ணாடி மாதிரி ஆவி படியும். அடிக்கடி வெளியே எடுத்து வெந்நீரில் முக்கித் துடைக்க வேண்டும். வடக்கனந்தலிலிருந்து பித்தப்பைக் கல்லோடு வந்த செல்விக்கு ஆபரேஷன். வெந்நீர் பிளாஸ்கோடு தியேட்டருக்குள் நுழையப் போன என்னை அவள் புருஷன் ஏழுமலை வழிமறித்தார். கரும்பு வெட்டுகிற ஆள், குரலும் அதே கனம். பொண்டாட்டியைப் படுக்க வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கிறோமாம்! கண்ணாடிக் கதையைச் சொல்லிவிட்டுப் போனேன். வேலை முடித்து வெளியே வந்தால், டீக்கடையில் வாங்கிய வெந்நீர்த் தூக்கோடு அதே இடத்தில் நிற்கிறார்.

"அந்தத் தண்ணி ஆறிட்டிருக்கும், இத்தயும் வச்சிக்குங்க சிஸ்டர்."

பெயர்

நாலு துளை, நாலு பிளாஸ்திரி. ஒரு மாசம் பாரம் தூக்காதே என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். பத்தாம் நாள் ஏழுமலை தனியாக வந்து நின்றார். கரும்புக் கட்டு சுமக்கிற கோஷ்டியில் செல்வியும் ஒருத்தி. நாலு பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, எறும்புக் கடிக்கெல்லாம் லீவு கிடையாது, திங்கட்கிழமை வராவிட்டால் சீசன் முழுக்க வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். டாக்டரம்மா எழுதிய சீட்டையும் நம்பவில்லை. செல்வியோ சுமக்கத் துணிந்துவிட்டாள். துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கினால் திரும்ப ஆபரேஷன்தான்.

மெஷினில் பதிவான ஆபரேஷன் படத்தை மேஸ்திரிக்குக் காட்டக் கேட்டு செல்வியே போனில் பேசினாள். டாக்டரம்மாவும் சரியென்றார். ஏதோ சினிமா எடுத்தவள் மாதிரி பெருமையாக சி.டி. போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏழுமலை கூப்பிட்டார்: "இன்னா சிஸ்டர், படம் முழுக்க முருகேசன்னு பேரு வந்துக்கினு இருக்குது?"

மேஸ்திரி

முந்தின பேஷண்டின் பெயரை மாற்றாமல் ரெக்கார்டு போட்டது நான்தான். என்னால் செல்வி ஊரார் முன்னால் பொய்க்காரி ஆகிவிட்டாள். மறுநாள் காலையில் லீவு சொல்லிவிட்டு முதல் டவுன் பஸ் ஏறினேன்.

கரும்புத் தோட்டத்தில் கோஷ்டியே நிற்கிறது. செல்வி தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சும்மாட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பேர் தப்பு, அது என் தப்பு, வயிறு இவளுடையது, உள்ளே கேமரா பிடித்தது இந்தக் கைதான் என்று மேஸ்திரி முன்னால் கையை நீட்டினேன். முதல் நாள் மாதிரியே ஆடித் தொலைத்தது. மேஸ்திரி கையைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் இறங்கி வர அவருக்கும் ஒரு வழி வேண்டுமே! பீடியை மிதித்து அணைத்துவிட்டுச் சொன்னார்: "சரி, முருகேசன் ஒரு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும். அப்பறமா செல்வி வேலைக்கு வரட்டும்."

இப்போதைய மெஷின் புதுப் பேர் அடிக்காமல் படமே பிடிக்காது, சி.டி.யும் ஒழிந்தது, தப்புச் செய்யவும் வழியில்லை, வடக்கனந்தல் பஸ் ஏறவும் எனக்கு வேலையில்லை.