நோட்டீஸ் ஒட்டும் முப்பிடாதியம்மாள்

முதலில் பானட்டில் மூன்று தட்டு. உள்ளே பூனை படுத்திருந்தால் இறங்கிப் போக அவகாசம். பிறகு குனிந்து, டயரிலும் அதையொட்டிச் சாலையிலும் சேர்த்து ஒரே சாக்பீஸ் கோடு. அதற்கப்புறம்தான் முப்பிடாதியம்மாள் பசை வாளியைக் கீழே வைப்பார்.

தாராவி தொண்ணூறடிச் சாலையிலும் அதன் சந்துகளிலும் கேட்பாரற்று நிற்கும் வண்டிகளுக்கு நோட்டீஸ் ஒட்டுவது அவர் வேலை. வார்டு ஆபீஸில் ஒப்பந்த ஊழியர். வயது ஐம்பத்து மூன்று. சேலைக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட். அதன் பையில் சாக்பீஸ், பேனா, நம்பர் பிளேட் அழுக்கைத் தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ். ஆபீஸில் டேப்தான் தருகிறார்கள். அவர் வீட்டில் மைதா காய்ச்சிக் கொண்டுவருகிறார்.

"டேப்ப ஒரே இழுப்புல உரிச்சிருவானுவ. இது காஞ்சிட்டுன்னா கண்ணாடியச் சொரண்டணும்."

மூன்று நாளில் வண்டி ஓடாவிட்டால் டோயிங் வண்டி தூக்கிப்போகும். கிடங்கில் முப்பது நாள். அப்புறம் ஏலம். இதை மராட்டி, இந்தி, தமிழ் மூன்றிலும் ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் சொல்வார். அபராதம் என்று யாராவது கெஞ்ச வந்தால், "பைன் போடுறது டிராபிக் போலீசு. நான் தேதி மட்டுந்தான் போடுவேன்" என்று பேனாவைக் காட்டுவார்.

ஒரே ஒரு முறை ஏமாந்திருக்கிறார். ஆயுத பூஜை முடிந்த வாரம். புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த ஓர் ஆட்டோவை, ஓடுகிற வண்டி என்று நினைத்து விட்டுவிட்டார். அதில் எஞ்சினே இல்லை. சேதி பரவியது. அடுத்த வாரம் சாலையில் நின்ற அத்தனை ஓட்டை உடைசலுக்கும் பொட்டு. பை தைக்கும் நாகூர் மீரான்கூடத் தன் டெம்போவுக்கு ஒன்று வைத்திருந்தார்.

"பாய், நீங்களுமா?"

"எல்லாருக்கும் உள்ளதுதானக்கா எனக்கும்."

இப்போதும் பொட்டை அழிக்க மாட்டார். ஒரு விரல் இடம் விட்டு, அதற்குக் கீழே ஒட்டுகிறார்.

சிலர் கோட்டைக் குழப்ப வண்டியை நாலடி தள்ளிவைப்பார்கள். அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

போன செவ்வாய்க்கிழமை அவர் ஒட்டியது அப்பாவின் ஆம்னி வேனில். பள்ளிப் பிள்ளைகளை மாட்டுங்காவுக்கு ஏற்றிப்போன வண்டி. அப்பா இறந்து எட்டு மாதம். வேன் அன்றிலிருந்து அதே இடத்தில் நின்றது. புதன்கிழமை இரண்டு பேரைப் பிடித்துத் தள்ளினேன். வியாழன் அவர் வந்து கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொணத்தப் பெரட்டிப் போட்டா எந்திச்சிருமா பிள்ளே?"

டீக்கடை அம்மிணி ஓடிவந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். முப்பிடாதியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பிரஷை எடுத்து, சுத்தமாகவே இருந்த நம்பர் பிளேட்டை இன்னொரு முறை தேய்த்தார்.

"வண்டிக்கு என்ன கேடு?"

"பேட்டரி."

"நீ என்ன வேல பாக்க?"

"டிராம்பேல இன்ஜினியர்."

"இன்ஜினியருக்கு ஒரு பேட்டரி மாத்த எட்டு மாசமா?"

அவர் பிரஷைப் பைக்குள் போட்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டோயிங் வரும். நான் கை காட்டுனாத்தான் தூக்குவான். அதுக்குள்ள ஓட்டிக் காமி, நானே நோட்டீசக் கிழிச்சிருதேன். ஓடலன்னா எங்கிட்ட வந்து நிக்காத, கேட்டியா?"

வெள்ளி காலை பேட்டரி மாற்றினேன். டயர்களில் காற்று அடித்தேன். மொத்தம் இருபது நிமிடம். எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. பத்து மணிக்கு ஜீஷான் தன் டோயிங் வண்டியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் நிறுத்தினார்.

"மௌசி, உட்டாவூ க்யா?" சின்னம்மா, தூக்கவா என்று கேட்கிறார்.

"ருக் ரே," என்று முப்பிடாதியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு வேனின் இடது கதவைத் திறந்து, வாளியோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எஞ்சின் ஓடுது. பெறகு என்ன?"

மீட்டரைக் காட்டினேன். 84306.

"அப்பா கடைசியா ஓட்டி நிறுத்தினது."

அவர் கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்தார்.

"மாறக் கூடாதுன்னா சொல்லு, ஜீஷான் தூக்கிட்டுப் போவட்டும். தூக்கிட்டுப் போனா மாறாது. ஏலத்துல எவனாவது எடுப்பான். அவன் வந்து மாத்துவான்."

ஜீஷான் ஹாரன் அடித்தார். முப்பிடாதியம்மாள் திரும்பவில்லை. வாளியைப் பாதங்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார்.

"என்னைய சயான் ஸ்டேஷன்ல விடு. அங்கன கேக்க ஆளில்லாம ஒரு லாவாரிஸ் வண்டி நிக்கி."

கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். அவர் ஸ்டியரிங்கைத் தாண்டிக் கையை நீட்டி, மீட்டரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.