அக்காவுக்கென்று ஒளித்த ஊசி

நர்ஸம்மாவின் இரண்டு கைகளும் மருந்து ஃபிரிட்ஜுக்குள் இருந்தன. முன்வரிசை டப்பாக்களை நகர்த்தி, பனி படிந்த பின்சுவரோடு ஒட்டிக் கிடந்த பழைய கம்பெனி டப்பாவை இழுத்தாள். வரவில்லை. வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே மருந்து உறைந்து கல்லாகியிருந்தது.

ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான். மூட்டுவாத நோயாளிகளுக்கெல்லாம் இதைப் பாடமாகச் சொல்பவளே அவள்தான்.

வருடக்கணக்காக ஒரே கம்பெனிதான் அந்த மருந்தைச் செய்தது. காப்புரிமை அவர்களிடம், அவர்கள் வைத்ததுதான் விலை. பாதிப் பேர் இரண்டு ஊசியோடு காணாமல் போவார்கள். காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகள் போட்டிக்கு இறங்கின. விலை மளமளவென்று விழுந்தது. மருத்துவமனையும் புதியதற்கு மாறியது.

"உயிருள்ள செல்லுல வளர்க்கிற மருந்து சிஸ்டர். அச்சு அசலா யாராலயும் செய்ய முடியாது" என்று பழைய கம்பெனியின் விற்பனைக்காரர் காதில் ஓதிவிட்டுப் போனார். நூலளவு மாறினாலும் குணத்தில் குறையில்லை என்று சோதித்துத்தான் அனுமதித்தார்கள் என டாக்டர் சொன்னது அவள் மண்டையில் ஏறவில்லை. கடைசியாக மிஞ்சிய பழைய டப்பாவை, அதே மூட்டுவாதம் உள்ள தன் அக்காவுக்கென்று மூலையில் செருகினாள்.

அன்றைக்கு ஊசி போட வந்த தையல்காரம்மா, "பழசு ஒண்ணாச்சும் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டிருந்தாள்.

"தீர்ந்துபோச்சும்மா. புதுசும் அதேதான், பயப்படாதீங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி, தான் நம்பாத மருந்தை அவளுக்குப் போட்டாள்.

இப்போது அதே தையல்காரம்மா வெளியே பெஞ்சில், அக்காவின் பக்கத்தில்.

"விரல் நல்லா மடங்குது அக்கா. நேத்து நானே நூல் கோத்தேன். 'இனிமே என்னை அதட்ட மாமியாருக்குத் தெம்பு வந்தாச்சு'ன்னு மருமக புலம்புறா."

"புதுசுலயா?" என்றாள் அக்கா, வீங்கிய மணிக்கட்டைத் தடவியபடி. "ஏண்டி, உள்ள என்ன பண்ற? ஊசி எங்க?"

நர்ஸம்மா ஃபிரிட்ஜை மூடிவிட்டு வெளியே வந்தாள். அந்த இரண்டு முகங்களையும் பார்க்க முடியாமல் வாசல்படியைப் பார்த்தாள்.

"நாளைக்கு வா அக்கா. டாக்டர்கிட்ட கேக்கணும்."

அதுவும் பொய். வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை உறைந்த டப்பாவை டாக்டர் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். கிடைத்த திட்டை நின்றபடி வாங்கிக்கொண்டாள். வந்த அக்காவிடமும் மறைக்காமல் சொல்லி, புது ஊசியைப் போட்டாள். பிறகு ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, தையல்கடைக்குக் கிளம்பினாள்.