பகலில் தூங்குகிறவள்

செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடம் நைட் டியூட்டி பார்த்தேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. "பகல் பூரா வீட்லதான இருக்க, ஒனக்கென்ன கஷ்டம்?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் யாராவது அதைக் கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

வீடு தாராவியில். மேலே ஒற்றை அறையில் நானும் கணவரும். கீழ் அறையை அவர் தோல் பை செய்யும் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கு இரும்பு ஏணியில் ஏறி நான் படுப்பேன். ஒன்பதரைக்குத் தோல் வெட்டும் மெஷின் ஓடத் தொடங்கும். அதன் ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஏறி என் தாடையில் விழும். காதில் பஞ்சு வைத்தேன். கண்ணில் துப்பட்டாவைக் கட்டினேன். அதிர்கிற தரையை என்ன செய்வது?

"பன்னெண்டு மணி வரைக்குமாவது நிப்பாட்டச் சொல்லுங்க" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஊரே முழிச்சிருக்க நேரத்துல மெஷின நிப்பாட்டச் சொன்னா சிரிக்க மாட்டாவளா? போகப்போகப் பழகிரும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்தால் நான் டிவியை அணைத்துவிட்டு, பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பேன். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

எனக்குப் பழகவில்லை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பான சயானில் இறங்காமல் போய்விடுவேன். குழம்புக்கு உப்புப் போட்டது மறந்து இன்னொரு தடவை போடுவேன். காரணமில்லாமல் அழுகை வரும், ஆனால் அழக்கூடத் தெம்பு இருக்காது.

நான்காவது வருடம், என்னோடு முறை மாற்றி வேலை பார்த்தவர் கல்யாணத்துக்கு லீவு போட்டார். அவருக்குப் பதில் ஆள் போடவில்லை. தொடர்ந்து ஒன்பது இரவு நானே பார்த்தேன். ஒன்பதாவது இரவு முடிகிற விடியற்காலையில் இரண்டு ரத்தக் குழாய்களின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன்.

கண்டுபிடித்தது வார்டு நர்ஸ், நாகர்கோவில் பெண். போன் செய்தாள். "அக்கா, இந்தம்மாக்குப் பொட்டாசியம் இவ்வளவு ஏறிக் கெடக்குன்னா இப்படி உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்க மாட்டாங்க. இன்னொருக்கா பாருங்க."

பார்த்தேன். ஏறியிருந்தது மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு. அவர் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். அவருக்கு ஒன்றுமில்லை என்று என் கைப்பட ஒரு காகிதம் போயிருந்தது. நேரத்துக்கு ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

எட்டரைக்கு மேலதிகாரி வந்தார். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க மேடம். தூங்காம வந்தா இப்படித்தான் ஆகும். சாயந்திரம் மெமோ ரெடியா இருக்கும், கையெழுத்துப் போடணும்" என்று இந்தியில் சொன்னார்.

"இன்னிக்கி நைட்டு யார் வருவாங்க?"

"நீங்கதான். வேற ஆள் எங்க இருக்கு?"

வீட்டுக்கு வந்து படுத்தேன். மெஷின் ஓடியது. கொஞ்ச நேரம் அந்தப் பெரியவரின் முகத்தை நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து, அவிழ்ந்த தலையோடு கீழே இறங்கிப் பட்டறையின் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன்.

ஒரே அமைதி. மெஷின் முன்னால் இருந்த பீகார்க்காரர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். இடது கை விரலில் அழுக்கான கட்டு.

"தூங்கணும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அக்கா முறை வைத்து இந்தியில் சொன்னார்: "நானும் ராத்திரி தூங்கல தீதி. மாட்டுங்கால ஒரு பில்டிங்ல வாச்மேன். அத முடிச்சிட்டு இங்க வரேன். வெட்டுற பீஸுக்குத்தான் கூலி. மெஷின் நின்னா போச்சு."

அவர் கண்கள் என் கண்களைவிடச் சிவந்திருந்தன. யாரைத் திட்டுவதற்காக இறங்கி வந்தேனோ அந்த ஆள் இவர் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆத்திரம் குறையவில்லை, அதிகமானது. சுவிட்சைப் போட்டுவிட்டு மேலே போனேன். படுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மேலதிகாரி கிளம்புவதற்குள் பிடித்தேன். மெமோவில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று இருந்தது. அதன் கீழே என் கையெழுத்தில், 'தவறு என்னுடையது. அது ஒன்பதாவது தொடர் இரவு. இன்று பத்தாவது இரவுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இதெல்லாம் இதுல எழுதக் கூடாது" என்று கிழித்துவிட்டு வேறொன்று அச்செடுத்தார். அதிலும் எழுதினேன். மூன்றாவதிலும் எழுதினேன். "பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். நீங்க?" என்று கேட்டேன். மூன்றாவதை அவர் கிழிக்கவில்லை.

அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. ஆனால் அடுத்த மாத டியூட்டி அட்டவணையில் யாருக்கும் ஆறு இரவுக்கு மேல் இல்லை. ஏன் மாறியது என்று யாரும் சொல்லவில்லை.

தூக்கத்துக்கு வழி செய்தது அந்த நர்ஸ்தான். "எனக்கு இப்ப பகல் டியூட்டி, காலையில ஏழு மணிக்கு என் கட்டில் காலிதான. நர்ஸ் ஹாஸ்டல்ல வந்து படுங்க" என்றாள். முதல் நாள் ஐந்து மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

சாயந்திரம் கணவர் கேட்டார், "கெட்டின வீடு இருக்க, வெளிய போயித் தூங்குதியாமே. நாலு பேரு என்ன பேசுவாவ?"

"அந்த நாலு பேரு எப்ப தூங்குதாவ?" என்று கேட்டேன். மறுநாளும் நான் ஹாஸ்டலில்தான் தூங்கினேன்.