அடையாறு வீட்டுச் சிறுத்தை

தொண்ணூற்றேழாம் வருடக் கோடை. தி.நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு மாடியில், குழந்தைகளுக்கான சி.டி. தயாரிக்கும் சின்ன நிறுவனத்தில் பயிற்சி ஓவியராகச் சேர்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காட்டு மிருகங்களைப் பற்றி ஒரு சி.டி. தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அட்டைக்கு ஒரு சிறுத்தையின் முகத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரைய வேண்டும், பார்க்கிற குழந்தைக்குத் தடவிப் பார்க்கத் தோன்ற வேண்டும் என்றார் மேனேஜர். ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காகிதத்தில் எதையும் வரைந்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது இறங்கிவிட்டது. மவுஸைப் பிடித்து ஒவ்வொரு முடியாகக் கருப்புக் கோடு போட்டேன். இரண்டு நாளில் சிறுத்தை விளக்குமாறு மாதிரி ஆனது. கோடுகளை மங்கலாக்கிப் பார்த்தேன். கடையில் தொங்கும் கரடி பொம்மையாகிவிட்டது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனால் அங்கிருந்த சிறுத்தை முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. என் அவஸ்தையைப் பார்த்து மேனேஜரே ஒரு வழி சொன்னார். அடையாறில் அவருக்குத் தெரிந்த பெரியவர் வீட்டில், அந்தப் பெரியவரின் அப்பா காலத்தில் பாடம் பண்ணிய சிறுத்தை ஒன்று இருக்கிறதாம். செத்த மிருகத்தின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து, உயிரோடு நிற்பது போல நிறுத்தி வைப்பார்களே, அது.

மரங்களுக்கு நடுவே பழைய பங்களா. சிறுத்தை இருந்தது பின்பக்கத்து அறையில். வெயில் பட்டால் நிறம் மங்கிவிடும் என்று ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு காலைத் தூக்கியபடி என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் கண்ணாடிக் கண்கள்தான் என்னைப் படுத்தின. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது என்னைப் பார்க்காது. என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்ப்பது போலவே இருக்கும். என்னையே பார்த்திருந்தால்கூடத் தேவலை. அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலித்தது.

நான் போகிற மதிய வேளையில் பெரியவர் தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருப்பது அந்த வீட்டில் வேலை செய்த அக்கா ஒருவர்தான். பட்டினப்பாக்கத்திலிருந்து வருவார், முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் நான் சிறுத்தையின் கழுத்தில் கை வைக்கப் போனபோது வாசல்படியில் நின்று அதட்டினார்.

"ஏம்மா, அத்த தொடாத. நக்கிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்து அம்பது வருஷம் ஆன சிறுத்தை எப்படிக்கா நக்கும்?"

"நக்கும். தொட்டவங்க கைய மட்டும் நக்கும். எனுக்கு முன்னாடி இங்க வேல செஞ்ச அம்மாவும் அத்ததான் சொல்லிச்சி. இந்தா, என் கைய பாரு."

அவர் உள்ளங்கையை நீட்டினார். நான் சிறுத்தையின் காதோரத்து முடியைப் பார்த்துக்கொண்டே "சரிக்கா, சரிக்கா" என்றேன். அப்புறம் கிண்டலாக, நீங்கள் மட்டும் ஏன் தொடுகிறீர்கள் என்று கேட்டேன். "இன்னா பண்றது, தெனம் தொடைக்கணும்னு ஐயா சொல்லிகீறாரே" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

பேன் பார்ப்பது போல உரோமத்தை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல், தினமும் மதியம். அடியில் குட்டையாக, பஞ்சு போல ஒரு அடுக்கு. அதற்கு மேல்தான் நீள முடி. ஒவ்வொரு முடியும் வேரில் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம். மூக்கிலிருந்து பின்னோக்கி ஓடி, தோளில் இரண்டாகப் பிரிந்து, மார்பில் எதிரெதிராக வந்து முட்டிக்கொள்கிறது. எல்லாவற்றையும் நோட்டில் பென்சிலால் வரைந்துகொள்வேன். கோடு அழுத்தமாக விழ, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வது பள்ளியிலிருந்தே என் பழக்கம். சாயங்காலம் ஆபீசுக்குப் போய் அதைக் கம்ப்யூட்டரில் போடுவேன். கருப்பில் தொடங்கி, அடுக்கடுக்காக வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பது பிடிபட்டது. ஆனாலும் என்னவோ குறைந்தது. ஒருநாள் உரோமத்தின் வேரில் மாவு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கவனித்தேன். ஊதினால் பறந்தது. அந்த வெள்ளையையும் ஒவ்வொரு வேரிலும் வைத்தேன். திரையில் உரோமம் சட்டென்று எழுந்து நின்றது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "யம்மா, பாயப் போவுது!" என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் முடி கொட்ட ஆரம்பித்தது. எங்கள் வீடு மயிலாப்பூரில். அம்மா தலைவாரிவிட்டு, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, துப்பித்தான் எறிவாள். யார் கையிலும் கிடைத்துவிடக் கூடாது என்று ஒரு சாஸ்திரம். சுருட்டிய முடி முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. பிறகு எலுமிச்சை. "என்னடி இது, ஆத்துல எங்க பாத்தாலும் உன் முடிதான் கெடக்கு. யார் கண்ணு பட்டுதோ!" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சிறுத்தைக்கு நான் முடி வைக்க வைக்க என் தலையில் குறைகிறது என்று ஒரு எண்ணம் வந்தது. படித்த பெண் இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு மதியம் அந்த அறையில் இருந்தபோது கரண்ட் போயிற்று. ஃபேன் நின்று, கதவிடுக்கில் வந்த வெளிச்சம் மட்டும் சிறுத்தையின் தோளில் விழுந்தது. அங்கே நீளமாக ஒரு கருப்பு முடி கிடந்தது. என்னுடையது. எடுக்கப் போனேன், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஐந்தாறு. நுனியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அதன் தோலிலிருந்தே முளைத்த மாதிரி என் முடி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்முடியில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். வாசல்படியில் அந்த அக்கா.

"நக்கிச்சா?" என்றார் மெதுவாக.

நோட்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மா என்னை மயிலாப்பூரிலேயே ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் தலையைவிட என் நகங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். பத்து நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. வீட்டில் எலி மருந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். என்ன வேலை செய்கிறாய் என்றார். சிறுத்தையைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் காலத்துல பாடம் பண்றப்ப, தோலைப் பூச்சி அரிக்காம இருக்க பாஷாணம் தடவுவாங்கம்மா. நீ பாத்த வெள்ளைப் பொடி அதுவா இருக்கலாம். அதைத் தொட்ட கையால பென்சிலைப் பிடிச்சு வாயில வச்சிருக்கே."

ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சீக்கிரம் வந்துவிட்டாய், முடி திரும்ப வளர்ந்துவிடும் என்றார். அம்மா அழுதாள். எழுந்திருக்கும்போது டாக்டர் கேட்டார்: "அதை வேற யாராவது தொடுறாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து, தெற்கு மாட வீதியில் அம்மா பூ வாங்க நின்றாள். பூக்காரம்மா முழம் போட்டுப் பூவை நீட்டினார். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும், அன்று நான் பார்க்காமல் விட்ட அக்காவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அடையாறுக்கு ஓடினேன்.

அக்கா சிறுத்தையின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கக் கேழ்வரகை ஒட்டி வைத்த மாதிரி கெட்டி கெட்டியாகப் புள்ளிகள். ஆள்காட்டி விரலின் அடியில் ஆறாத புண்.

"வருஷக்கணக்கா கீதும்மா. மீன் ஆயறப்போ எரியும்" என்றார். "இத்ததான் அன்னிக்கி காட்னேன்."

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால், வேலை போய்விடும் என்று பயந்தார். தூங்கிக்கொண்டிருந்த பெரியவரை எழுப்பிச் சொன்னேன். "அப்பா காலத்துலேர்ந்து இருக்கே, எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்றார் அப்பாவியாக. அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. புரிந்ததும் ஆடிப்போய்விட்டார்; அவரே காரில் எங்களை அழைத்துப் போனார்.

பரிசோதனையில் டாக்டர் சந்தேகப்பட்டது சரியென்று தெரிந்தது. அக்காவின் விரல் புண் புற்றாக மாறியிருந்தது. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் சில மாதம் போயிருந்தால் கையே போயிருக்கும் என்றார்கள். சிறுத்தையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப் போனார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த பொங்கலுக்குள் முடியும் வளர்ந்துவிட்டது.

வார்டில் பார்க்கப் போனபோது அக்கா, கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வெரலுதானம்மா பூட்ச்சி. நீ மட்டும் ஓடியாரலன்னா இன்னா ஆயிருக்கும்?" என்று கண்ணில் தண்ணீர் விட்டார். டாக்டர் கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல அது. தினமும் என் கண் முன்னால் துடைத்துக்கொண்டிருந்தவர் அந்த நேரத்தில் என் கணக்கில் ஒரு ஆளாகவே இல்லை. இத்தனை வருடம் கழித்து அந்தச் சிறுத்தையை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை; அந்த "இல்ல டாக்டர்" அவ்வளவு சுலபமாக என் வாயிலிருந்து வந்ததை நினைக்கும்போதுதான் உடம்பு சில்லிட்டுப் போகிறது.