பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

என் வளைகாப்புப் போட்டோவை யாராவது எடுத்து நீட்டினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “முகம் என்ன களையா இருக்கு!” என்பார்கள். களையாம் களை. அது வீக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தலைப்பிரசவம். வாழ்க்கைப்பட்ட வீடு பாளையங்கோட்டை, அம்மா வீடு திருநெல்வேலி டவுண். நடுவில் ஆறு. நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி பாளையங்கோட்டைப் பக்கம். அங்கே ஒரு பெண் டாக்டர், கர்ப்பிணிகளில் யாருக்கு ரத்த அழுத்தம் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஏழாம் மாதத் தொடக்கத்தில் என்னையும் சோதித்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அழுத்தம் பார்த்தார். மல்லாந்து படுக்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றும்போது அவர் முகம் சரியில்லை.

என்னிடம், “நல்லா ரெஸ்ட் எடும்மா” என்றார். மீதியைச் சொல்ல என் கணவரை உள்ளே கூப்பிட்டார். ஏன், எனக்கு வயிறு மட்டும்தான் இருந்ததா, காது இல்லையா? வீட்டுக்கு வந்து அவரிடமிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது. இப்போது அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் மல்லாந்து படுத்ததும் ஏறுகிறதாம். இப்படி ஏறுகிறவர்களுக்குப் பின்னால் நிஜமாகவே ஏறக்கூடுமாம். அப்படி ஏறினால் தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்கு ஆபத்து. அதனால் வாரம் தவறாமல் வந்து காட்ட வேண்டும்.

அம்மாவிடம் சொன்னதும் வந்தது பாருங்கள் கோபம், அதுவும் டாக்டர் மேல்! “வராத சீக்குக்கு வைத்தியமா? நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல அவ எதுக்கு வாய வைக்கா?”

அந்த மாதமே பாளையங்கோட்டையில் வைத்து வளைகாப்பு நடந்தது. கண்ணாடி வளையல் கையில் ஏறவில்லை. சோப்பைக் குழைத்துத் தடவி, விரல்களை நசுக்கி ஏற்றினார்கள். “ஏட்டி, கை எப்படிப் பூரிச்சிருக்கு பாரு!” என்று ஒரே சிரிப்பு. மறுநாள் அம்மா என்னை டவுணுக்கு அழைத்துப்போனாள். பாலத்தில் காரை நிறுத்தி, ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி ஆற்றில் போட்டாள். தாய்வீட்டுக்குப் போவதால் அந்த ஒரு தடவை மட்டும் ஆறு ஒன்றும் செய்யாதாம். போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளை பெறுகிறவரை திரும்பத் தாண்டக்கூடாதாம்.

அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றேன். “வளையலப் போட்டுட்டு எவளாவது ஆத்தத் தாண்டுவாளாட்டி? இங்கன நர்சம்மா இல்லையா?” என்று அம்மா வாசலை மறித்தாள். தெருக்கோடியில் இருந்த அந்த நர்சம்மா என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, தலைப்பிள்ளைக்கு நீர் கோர்ப்பது சகஜம் என்றாள். அழுத்தம் பார்க்கிற கருவி அவளிடம் இல்லை.

என் கணவருக்குப் பாளையங்கோட்டையில் ஆபீஸ். சாயங்காலம் டவுண் பஸ்ஸில் என்னைப் பார்க்க வருவார், அல்வாப் பொட்டலத்தோடு. எனக்கு அல்வாவா வேண்டும்? “கூட்டிட்டுப் போங்க, ஒரு தடவை காட்டிட்டு வந்துருவோம்” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். “அத்த வேண்டாங்காங்க, நான் என்னத்தச் சொல்ல? பைய பாத்துக்கிடலாம்” என்றார். டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்ட மனுஷர் அவர் ஒருவர்தான். மாமியாரிடம் நல்ல பேர் எடுப்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. கண்ணுக்குள் பொறி பறந்தது. நெஞ்சுக்குக் கீழே யாரோ மிதிப்பதுபோல் இருந்தது. அம்மா சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டது வரைதான் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் வலிப்பு.

கண் விழித்தபோது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நர்சம்மா கைவிரித்துவிட்டாளாம். வேறு வழியில்லாமல் வாடகைக் கார் பிடித்துப் பாலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். அதே டாக்டர் கட்டில் பக்கம் வந்து நின்றார். இந்தத் தடவை என்னிடமே சொன்னார். “உன்னைக் காப்பாத்திட்டோம்மா. பிள்ளைக்கு நீங்க வீட்ட விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாலயே துடிப்பு நின்னுருக்கணும்.” பெண் பிள்ளை. நான் பார்ப்பதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலாகக் கிடந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். “தலையால அடிச்சுக்கிட்டனே, ஆத்தத் தாண்டக்கூடாது, தாண்டக்கூடாதுன்னு! தாண்டுனதும் பிள்ளையப் பறிகொடுத்துட்டோமே!”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“உசிரோட இருந்த பிள்ளையத் தாண்ட விட்டியாம்மா நீ? செத்த பெறவுதான விட்ட?”