சுண்டல் பாவம், மிட்டாய் ஊழியம்

நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாஸ்டர் வருஷம் தவறாமல் கொலுவைப் பற்றிப் பேசுவார். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் எங்கள் சபையார் இருக்கும் அபார்ட்மென்ட்களில் பக்கத்து வீடும் தமிழர் வீடாகத்தான் இருக்கும். கொலு பார்க்க வாங்க என்று கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள், டப்பாவில் சுண்டல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வாயில் வைக்காதீர்கள், அது படைத்தது என்பார் பாஸ்டர். சபை ஆமென் சொல்லும். நானும் சொல்வேன். வாயளவில் சொன்ன ஆமென் இல்லை. என் எதிர் வீட்டில் இருக்கும் ஆன்ட்டி நான் தனியாக இருக்கிறேன் என்று இரக்கப்பட்டு எத்தனையோ நாள் ரசம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நவராத்திரிச் சுண்டலை மட்டும் நான் அவரிடம் வேண்டாம் என்று நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் முகம் சுருங்கியது. அதைத் தாங்கிக்கொண்டேன்.

போன வருஷம் அந்த ஆமென் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது பாஸ்டர் உற்சாகமாகச் சொன்னார், இந்த முறை நாமும் ஹாலோவீனில் பங்கெடுக்கிறோம் என்று.

விவரம் இதுதான். ஞாயிறு மதியம் நாங்கள் கூடும் கட்டடம் ஓர் அமெரிக்கச் சபைக்குச் சொந்தம். அவர்கள் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கிங் லாட்டில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, சிலந்தி வலை, பூசணிக்காய், எலும்புக்கூடு என்று ஜோடித்து வைப்பார்கள். வேஷம் போட்ட பிள்ளைகள் பையோடு ஒவ்வொரு காராகப் போய் மிட்டாய் வாங்கிக்கொள்ளும். இதுவரை நாங்கள் அதில் சேர்ந்ததில்லை. இனிமேல் சேரலாம், அக்கம்பக்கத்தாரைச் சபைக்குள் கொண்டுவர இது நல்ல வாசல், இதுவும் கர்த்தருக்குச் செய்யும் ஊழியம்தான் என்றார் பாஸ்டர். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வேஷத்தில் வரவேண்டும். ஆசிரியர்கள் ஆளுக்கொரு கார் கொண்டுவரவேண்டும்.

நான் ஓர் ஆசிரியர். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சண்டே ஸ்கூல் என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் முழுக்க டெலிகாம் கம்பெனியில் யாருக்கும் முகம் தெரியாத வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போதுதான் படித்த படிப்புக்கு ஒரு பொருள் இருப்பதாகப் படும். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். ஆனாலும் கதையைக் கேட்கும். அந்த வகுப்பை இழக்கக்கூடாது என்பதைத் தவிர இந்தச் சபையில் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. என்னால் அந்த டிக்கியைத் திறக்க முடியாது என்பது அறிவிப்பு முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் முடியாது என்பதைச் சொல்ல எங்கள் ஊர்ப் பக்கத்துத் தசராவைச் சொல்லவேண்டும். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் தசரா என்றால் வேஷம். நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குறவன், போலீஸ், குரங்கு, எலும்புக்கூடு என்று வேஷம் போட்டு, மேளத்தோடு வீடு வீடாக வந்து காணிக்கை வாங்குவார்கள். வாங்கியதைக் கடைசி நாள் கோயிலில் சேர்ப்பார்கள். அப்பா காளி வேஷம் கட்டுகிறவர். வேஷம் ஏறியபின் அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் நான் இருக்கமாட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா நோயில் விழுந்து, யார் யாரோ வந்து ஜெபித்து, அம்மா எழுந்த வருஷம் நாங்கள் ஞானஸ்நானம் பெற்றோம். அந்தத் தசராவுக்கு அப்பா வேஷம் கட்டவில்லை. அவர் கட்டிய காளியைப் பெரியப்பா கட்டிக்கொண்டார்.

பெரியப்பா எங்கள் வாசலுக்கும் வந்தார். மேளம் நின்றது. வேண்டுமென்றே வந்தாரா, வழக்கத்தில் வந்தாரா, எனக்குத் தெரியாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே போய் ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அண்ணன் நீட்டிய பையில் போட்டார். அவ்வளவுதான். யாரோ போய்ச் சபையில் சொன்னார்கள். கிறிஸ்மஸ் வரைக்கும் அப்பாவுக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்ப்பானது. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். வாதாடவில்லை. நான் விட்டு வந்ததுக்கு நானே அரிசி போட்டது தப்புத்தான் என்றார். அதைக் கேள்விப்பட்ட பெரியப்பா அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஹாலோவீனின் வேர் எங்கே என்று நானும் தேடிப் படித்தேன். கிறிஸ்தவம் அயர்லாந்துப் பக்கம் வருமுன்னே செத்தவர்களுக்காக நடந்த புறஜாதிப் பண்டிகை என்று ஒரு கட்சி. இல்லை, பரிசுத்தவான்களின் நாளுக்கு முந்தின சாயங்காலம், சபையே தொடங்கியது என்று ஒரு கட்சி. அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். வேஷம் போட்டு வாசலுக்கு வந்து நிற்பவர் பையில் எதையாவது போடுவது எனக்குத் தெரிந்த காரியம். அதற்கு என்ன தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். தண்டித்ததும் இங்கே இருப்பவர்கள் ஊரில் சேர்ந்திருந்த அதே சபைப்பிரிவுதான்.

சண்டே ஸ்கூலை நடத்துகிற ஆன்ட்டியிடம் போய் என்னால் கார் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். நல்லவர், பல் டாக்டர், அமெரிக்காவில் என் முதல் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குச் சாப்பாடு போட்டவர். கையில் ஆரஞ்சு நிறத் தோரணத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, இது ஜஸ்ட் ஃபன். இங்க யாரு என்னத்த கும்பிடறாங்க?”

“கொலுவுக்குப் போற பிள்ளைங்களும் கும்பிடறதில்ல ஆன்ட்டி. சுண்டலுக்குத்தான் போகுதுங்க.”

“அது வேற தம்பி. அது ரிலிஜன். இது கல்ச்சர்.”

“வெள்ளைக்காரன் பண்ணா கல்ச்சர், நம்மாளு பண்ணா ரிலிஜனா?”

அவர் தோரணத்தைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க ஃபர்ஸ்ட் ஜெனரேஷன், அதான் இவ்ளோ சென்சிட்டிவா இருக்கீங்க. நாங்க அஞ்சு ஜெனரேஷனா கிறிஸ்டியன்ஸ். எங்களுக்கு அந்தப் பயமெல்லாம் போயிடுச்சு” என்றார்.

எனக்குப் பயமென்று யார் சொன்னது? ஐந்து தலைமுறைக்கு முன் இவர் குடும்பத்திலும் யாரோ ஒருவர் வாசலில் நின்ற அண்ணனுக்குக் கதவைச் சாத்தியிருப்பார். அவர் பட்டதை இவர்கள் மறந்துவிட்டார்கள். மறந்ததற்கு விசுவாசத்தில் முதிர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே மாதம் எங்கள் சபையில் ஒருவருடைய தகப்பனார் ஊரில் இறந்துபோனார். இவருக்கு விசா ஸ்டாம்பிங் சிக்கல், போனால் திரும்ப முடியாது. அடக்கத்தைப் போனில் பார்த்தார். சாயங்காலம் ஜெபத்துக்கு நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது எதிர் வீட்டுப் புல்வெளியில் ஹாலோவீனுக்காகத் தெர்மோகோல் கல்லறைகள் வரிசையாக நின்றன. ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கை வெளியே வந்து, மோட்டாரில் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தோம். மூடியது பாஸ்டர். இதை நான் சண்டே ஸ்கூல் ஆன்ட்டியிடம் எடுத்துச் சொன்னேன். நம்ம டிக்கியில கல்லறை வேண்டாம்னு சொல்லிடலாம் என்றார். எதைச் சொன்னாலும் அதில் ஒரு துண்டை நறுக்கித் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் அது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்ற நினைப்பில்தான் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் கேள்வி.

“அங்கயும் வேசம் கட்டுதாங்களா? காணிக்க எந்தக் கோயிலுக்குப் போவும்?”

“கோயிலுக்கெல்லாம் இல்லப்பா. வாங்குறத பிள்ளைங்களே தின்னுக்கும்.”

“அப்ப ஆருக்கு நேந்து கட்டுதாங்க?”

“யாருக்கும் இல்ல. சும்மா.”

“சும்மாவா?” என்றார். “விரதம் கெடயாது, நேர்ச்ச கெடயாது, சும்மா வேசம் கட்டுனா அது கோட்டிக்காரத்தனம்லா.”

பைத்தியக்காரத்தனம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. தான் விட்டதைவிட மட்டமான ஒன்றை மகனின் சபை கையில் எடுத்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. காளியை அவர் விட்டாரே தவிர ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “ஐயா, அதுக்காவ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கத விட்டுராத. நம்ம வீட்டுல நீ ஒருத்தன் வாத்தியாரா உக்காந்திருக்கியே” என்றார். வாத்தியார் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், கம்பெனி வேலையைப் பற்றி ஒருநாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை என்பது உறைத்தது. போனை வைத்தபோது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். வழி கண்டுபிடித்துவிட்டவரின் முகம்.

“தம்பி, பேய் பொம்மை, எலும்புக்கூடு எதுவும் வேண்டாம். நோவாவின் பேழை வைங்க. நாலு ஒட்டகச்சிவிங்கி பொம்மை நான் தர்றேன். நீங்க பக்கத்துல சும்மா நின்னாப் போதும்.”

மறைக்கவில்லை, எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அட்டையில் ஒரு பேழை, கொஞ்சம் நீலத்தாள், இரண்டு மணி நேரம். வகுப்பு கையில் இருக்கும். அப்பாவிடமும் இன்னும் வாத்தியார்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். நோவாவின் பேழைக்கு முன்னால் ரத்தக்காட்டேரியும் மண்டையோடும் வரிசையில் நிற்கும், நான் குனிந்து பையில் சாக்லேட் போடுவேன். அப்பாவாவது அண்ணனுக்குப் போட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

“முடியாது பாஸ்டர். கொலுவுக்குப் போகலாம்னு சொல்லுங்க, நான் தப்புன்னு நினைச்சாலும் புரிஞ்சுக்குவேன். ரெண்டும் வேண்டாம்னு சொல்லுங்க, கூட நிக்கிறேன். ஒண்ணு பிசாசு, ஒண்ணு ஊழியம்னா என்னால பிள்ளைங்க முகத்தப் பாத்துப் பாடம் எடுக்க முடியாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம் சபையாரை அன்பில்லாதவர்கள் என்று அமெரிக்கர்கள் நினைத்துவிடுவார்கள் என்றார். கட்டடத்தை அவர்கள்தான் தருகிறார்கள் என்பதையும் சொன்னார். சொன்னபிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும், மேஜைமேல் இருந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார். சுண்டல் கொடுக்கிற எதிர் வீட்டு ஆன்ட்டி எங்களை அன்பில்லாதவர்கள் என்று நினைத்தால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் பேப்பர் அடுக்கை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“டீச்சர் ஒண்ணு சொல்லி, சபை ஒண்ணு சொன்னா பிள்ளைங்க குழம்பிடும் தம்பி. கிளாஸை இப்போதைக்கு வேற யாராவது எடுக்கட்டும். நீங்க ஜெபம் பண்ணுங்க.”

இப்போதைக்கு என்றால் எப்போதுவரை என்று நான் கேட்கவில்லை. விலக்கி வைப்பது எங்கள் சபைக்கு நன்றாக வரும், அப்பாவுக்காவது கிறிஸ்மஸ் என்று ஒரு தேதி இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் பார்க்கிங் லாட் பக்கம் போகவில்லை. சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் வந்து விழுந்தபடி இருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன் எலும்புக்கூடு வேஷத்தில் சண்டே ஸ்கூல் ஆன்ட்டி மடியில் உட்கார்ந்திருந்தான். அதன் கீழே வரிசையாக ‘பிரெய்ஸ் தி லார்ட்’ போட்டிருந்தார்கள். குரூப்பை மியூட் செய்தேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன்.

மறுநாள் ஆராதனைக்குப் போனேன். ஏன் போகாமல் இருக்கவேண்டும்? சபை இவர்களுடைய ஐந்து தலைமுறைச் சொத்து இல்லையே. சண்டே ஸ்கூல் நேரத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் வகுப்புகள் இருக்கும் வராந்தாவில் தண்ணீர்க் குழாயண்டை நின்றேன். என் அறையில் கல்லூரிப் பெண் ஒருத்தி பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். தாமதமாக வந்த ஒரு சிறுமி என்னைப் பார்த்து நின்றாள். வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்பவள். முந்தின நாள் பூசிய பச்சைச் சாயம் காதோரம் இன்னும் போகவில்லை.

“அங்கிள், ஆர் யூ இன் டைம் அவுட்?” தப்புச் செய்த பிள்ளையைத் தனியே உட்கார வைப்பதற்கு இங்கே அந்தப் பெயர்.

“ஆமாம்மா.”

“வாட் டிட் யூ டூ?”

“கேண்டி குடுக்க மாட்டேன்னு சொன்னேன்.”

அவள் அதை யோசித்தாள். அவள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது போல. “யூ ஹாவ் டு சே சாரி. தென் யூ கேன் கம் இன்” என்றாள், எனக்கு உதவுகிற குரலில்.

“சாரி சொல்ல மாட்டேன்மா” என்றேன்.

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாட்டுதான். இன்னொரு தரம் என்னைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள். அந்தக் கல்லூரிப் பெண் எழுந்துவந்து கதவைச் சாத்தினாள்.