அப்பாவின் வலது கால்

எனக்குப் பயம் உண்டு. என்னோடு பறக்க வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் எஞ்சினை முடுக்கும்போது அது வந்துவிடும். ஓடுபாதையை விட்டுச் சக்கரம் எழும்பிய பிறகுதான் அது மெல்லச் சந்தோஷமாக மாறும். அந்தச் சந்தோஷத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றேன். அவர்களுடைய பயத்தையும் சேர்த்துத்தான் ஏற்றப் போகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்பா புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி லொறியை முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவர். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது இருவரும் பிலிமத்தலாவையில் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்து நான்கு, அம்மாவுக்கு எழுபது. நான் கொழும்பில் வேலை பார்க்கிறேன். நாற்பது வயதில், எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, சிறிய விமானம் ஓட்டும் உரிமம் எடுத்தேன்.

இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அப்பா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தம்பியின் வேனில் எப்போதும் முன் சீட்தான். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் அவருடைய வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். அந்த இடத்தில் ரப்பர் விரிப்பே தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. "அப்பா, இந்தப் பக்கம் ஒரு பிரேக் பூட்டித் தரவா?" என்று தம்பி கேலி செய்வான். எல்லோரும் சிரிப்போம். வேனில் அது வெறும் தரைதானே.

நான் ஓட்டும் விமானத்தில் அது வெறும் தரை அல்ல. நான்கு பேர் அமரும் அந்த விமானத்தில் முன்னிருக்கை இரண்டுக்கும் முன்னால் மிதிகள் உண்டு. நான் மிதித்தாலும் பக்கத்தில் இருப்பவர் மிதித்தாலும் ஒன்றுதான். வானத்தில் வலது மிதியை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். தரையில் அதே மிதியின் மேல்நுனியை அழுத்தினால் வலது சக்கரத்துக்குப் பிரேக் விழும். இறங்கும் வேகத்தில் ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அவரை முன்னால் உட்கார வைத்தேன். முழங்கால் வலியோடு அவரால் பின்னால் ஏற முடியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அது இல்லை. மகள் ஓட்டுவதை அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற பெருமை எனக்கு.

முதல் நாளே கொழும்புக்கு வரவழைத்து, காலை ஏழு மணிக்கு விமானத் திடலுக்குக் கூட்டிப்போனேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பையில் நான்கு தேசிக்காய்களோடு வந்தார். புது வண்டி எடுத்தால் டயருக்கடியில் வைத்து நசுக்குவது அவர் வழக்கம். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நின்றார்.

"பாப்பா, டயர் மூணுதானா?"

"மூணுதாம்பா. அதெல்லாம் இங்க வைக்க விட மாட்டாங்க. பைக்குள்ள போடுங்க."

மூன்றைப் பைக்குள் போட்டார். நான்காவதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா அவருக்குப் பின்னால் ஏறி, சேலையை இழுத்துச் செருகி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அப்பாவின் இருக்கையை, அம்மாவின் முழங்கால் இடிக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளினேன். அப்போதும் அவருடைய நீளக் கால்கள் மிதியைத் தொட்டன.

"அப்பா, காலை மட்டும் உள்ளுக்கு இழுத்து வச்சுக்குங்க. அந்த மிதியில படவே கூடாது."

"எனக்குத் தெரியாதாம்மா? ட்ரைவர்கிட்டப் போயி சொல்றியே" என்றார்.

மேலே எழும்பியதும் முதல் அரைமணி நேரம் நான் கனவு கண்ட மாதிரியே இருந்தது. கடுகண்ணாவை மலைக்கு மேலாகப் போனோம். அவர் ஆயிரம் தடவை ஏறிய ரோடு கீழே நூலாகச் சுருண்டு கிடந்தது. பிலிமத்தலாவையில் தம்பி வீட்டுக் கூரையைத் தேடி அம்மா ஜன்னலில் மூக்கை அழுத்தினார். கண்டி வாவியைச் சுற்றினேன். "இவ்ளோண்டுதானா?" என்று ஹெட்செட்டில் அம்மாவின் குரல் கேட்டது. பஸ்ஸில் கம்பளை தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவர், ஒரு குழந்தையின் குரலில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அப்பா பேசாமல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

"பாப்பா, நம்ம தோட்டம் தெரியுமா? ஆறாம் நம்பர் மலையைப் பார்க்கணும்" என்றார் அம்மா. அங்கேதான் அவர் அதிக வருடம் கொழுந்து எடுத்தார். ஒரு நாளும் அந்த மலையை அவர் முழுசாகப் பார்த்ததில்லை.

கம்பளையைத் தாண்டியபோது மலைமுகட்டில் மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. திரும்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு சுற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புசல்லாவைப் பக்கம் போனேன். மலைச்சரிவு வலப்பக்கம் தெரிந்தது. "அந்தா, அந்தா!" என்று அம்மா கத்தினார். அந்த நொடியில் காற்று எங்களைக் கீழே இழுத்தது.

பெரிய இறக்கம் ஒன்றும் இல்லை. பழகியவர்களுக்கு அது ரோட்டில் ஒரு குழி மாதிரித்தான். ஆனால் அப்பாவின் வலது கால் நீண்டு, முழு பலத்தோடு மிதியை அழுத்தியது.

விமானத்தின் மூக்கு மலையைப் பார்த்துத் திரும்பியது. வலது இறக்கை சாய்ந்தது. என் இடது காலால் எதிர்த்து மிதித்தேன். அவருடைய கால் இரும்பாக நின்றது. முப்பத்திரண்டு வருடம் பாரம் ஏற்றிய லொறியை மலை இறக்கத்தில் நிறுத்திய கால் அது. முன் கண்ணாடியில் பச்சை பெரிதாகிக்கொண்டே வந்தது. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. செத்தோம் என்றுதான் நினைத்தேன். இவர்களை நானே கொண்டுவந்து அவர்களுடைய மலையிலேயே மோதிக் கொல்லப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அப்பா, கால்! காலை எடுங்க!"

அவர் காதில் விழவில்லை. கையை ஓங்கி அவருடைய தொடையில் அறைந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் அப்பாவை அடித்தேன். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார், அது அங்கே என்ன செய்கிறது என்று தெரியாதவராக. எடுத்தார். இறக்கையை நிமிர்த்தி, மலையை விட்டு விலகி, மேற்கே திருப்பினேன். எல்லாம் பத்து விநாடிக்குள் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. இறங்க வேண்டுமே. தரை நெருங்கி வரும்போது பயப்படாத பயணி யார்? அப்போது அந்தக் கால் ஒரு தடவை நீண்டால் போதும். நடுவானில் இடம் மாற்றி உட்கார வைக்க முடியாது. இருக்கையை இதற்கு மேல் தள்ளவும் முடியாது. பெருமைக்காக இவரை இங்கே உட்கார வைத்தாயே என்று என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

அவிசாவளைக்கு மேல் வரும்போது அப்பா பேசினார்.

"பாப்பா, எறங்குறப்பவும் ஆட்டுமா?"

"கொஞ்சம் ஆட்டும்பா."

"என் காலு என் பேச்சக் கேக்காதும்மா."

அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"கண்ணு தெரியலன்னு சொல்லித்தான வேலைய வுட்டேன். கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாளு, ரோட்டுல ஒண்ணுமே இல்ல, காலு தானா பிரேக்க அமுக்கிருச்சு. பின்னால பஸ்ஸு. நெறைய ஸ்கூல் புள்ளைங்க. ஒரு முழம் எடத்துல நின்னுச்சு. மறுநாளே சாவியக் குடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

அவர் பயந்தவர் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. மூடுபனியிலும் கடுகண்ணாவை மலையில் லொறியை ஒற்றைக் கையால் இறக்குவார் என்று பேர் வாங்கியவர். நான் வேனில் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் நினைவுக்கு வந்தது.

ஹெட்செட்டில் அம்மா சொன்னார்: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் ஒனக்கு?"

"தூக்கத்துல மிதிக்கிறீங்களே. இத்தன வருசமா ஒத வாங்குறது நான்தான. ரெண்டு கையாலயும் கெண்டைக் கால இறுக்கிப் புடிச்சிட்டா அடங்கிரும்." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பா, நான் குனிஞ்சா புடிக்க எட்டும். புடிச்சுக்கவா?" என்றார்.

அப்பாவைக் கால்களைப் பின்னுக்கு மடித்து இருக்கைக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னேன். முழங்கால் வலியில் பல்லைக் கடித்தார். அம்மா இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்தாமலேயே குனிந்து, இருக்கைக்கு அடியில் இரண்டு கையையும் விட்டார். "புடிச்சிட்டேன்" என்றார்.

ஓடுபாதை தெரிந்தது. அன்று காற்று சற்றுப் பக்கவாட்டில் வீசியது. நூறு அடி உயரத்தில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்து இருக்கை அப்படியே அதிர்ந்ததை உணர்ந்தேன். அப்பாவின் தொடை துடித்தது. அம்மாவின் முனகல் காதில் கேட்டது. என் கண் ஓடுபாதையில் இருந்தாலும் புத்தி முழுவதும் என் பாதத்துக்குக் கீழே இருந்தது. வலது மிதி அசைகிறதா, அசைகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இறக்கினேன்.

அசையவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது. ஓடியது. வேகம் குறைந்தது. என் காலால், நான் மட்டும், பிரேக்கை மெல்ல அழுத்தினேன்.

நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைத்த பிறகு, முன் விசிறி நின்ற அமைதியில், என் வலது முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. மறைக்கவும் முடியவில்லை. எத்தனையோ பேரிடம் மறைத்த பயம், என்னைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் கண்முன்னால் தெரிந்துவிட்டது. அப்பா பார்த்தார். கையில் நசுங்கிப்போயிருந்த தேசிக்காயை மடியில் போட்டுவிட்டு, ஈரமான உள்ளங்கையை என் முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்தார். கேபின் முழுவதும் தேசிக்காய் வாசம் அடித்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து, தரையைப் பார்த்துக் குனிந்தபடியே, அம்மாவின் குரல் வந்தது. அவிசாவளைக்குப் பிறகு அவர் பார்த்தது அப்பாவின் கால்களை மட்டும்தான்.

"எறங்கியாச்சா பாப்பா? வுட்டுறவா?"

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்க" என்றார் அப்பா.